காலி என்று நம்பாத கை

செப்டம்பர் 3ஆம் தேதி குடகு மாவட்டத்தில் கைல்பொள்து. நாற்று நடவு முடிந்து, அடைமழையும் சற்று ஓயும் சமயத்தில் கொடவர் வீடுகளில் நடக்கும் ஆயுத பூஜை அது. துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூவைச் செருகுவார்கள். பிறகு தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி. இந்தக் கொண்டாட்டத்துக்கு முன்னால், ஆகஸ்ட் கடைசியில்தான் துப்பாக்கிப் பட்டறைகளில் வேலை குவியும். விராஜ்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி என்று துப்பாக்கியோடு பின்னிக்கிடக்கும் வாழ்க்கை கொடவர்களுடையது. 1861இல் மார்க் கப்பன் ஆணையராக இருந்தபோது ஆயுதப் பறிமுதல் சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. அந்தச் சலுகையை 2019இல் மத்திய அரசு 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறது. ஆனால் துப்பாக்கியைச் செப்பனிடும் தொழிலுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அந்த உரிமத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

பட்டறைக்காரர் ஐரி சமூகத்தவர். கொடவர்களின் இடுப்பில் தொங்கும் பீச்சேக்கத்தியை வழிவழியாக அடித்துக்கொடுத்த கொல்லர்கள் அவர்கள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கன்னடமும் மலையாளமும் கலந்த தமிழில் பேசினார். உதவிக்கு அக்கா மகன். சுவரோரம் சாத்தியிருந்தவற்றில் முக்கால்வாசி இரட்டைக்குழல். நடுவில் ஒன்று மட்டும் பம்ப் ஆக்‌ஷன். காப்பித் தோட்டக்காரர் ஒருவருடையது.

“இரட்டைக்குழலை மடக்கினா உள்ளே இருக்கிறது எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சிடும் சார். இது அப்படியில்ல. வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சுக்கும்” என்றார்.

அவர் சொன்னது துல்லியமான உண்மை. பம்ப் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடுகிறது. தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக, சுருள்வில்லின் அழுத்தத்தில் காத்திருக்கும். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1897 வின்செஸ்டரிலிருந்து 1950இல் வந்த ரெமிங்டன் 870 வரை அடிப்படை இதுதான். அறையில் இருந்த தோட்டாவை எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று கைப்பிடியை முன்னால் தள்ளுகிறவர், தன் கையாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுகிறார். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தியில் வரும் விபத்துகளுக்கு இப்படியொரு வழியும் உண்டு.

ஆகவே துடைப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. குழல் வாய் ஆளில்லாத மண்சுவரைப் பார்த்திருக்க, விரல் விசைக்கு வெளியே நீட்டியிருக்க, பெரியவர் காப்புப் பூட்டைப் போட்டார். கைப்பிடியை இழுத்துத் திறந்து, முதலில் அடிக்குழாயைக் கண்ணால் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவினார். அடுத்து அறையிலும் அப்படியே. பிறகு மருமகனிடம் நீட்டினார். அவனும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தான். காலையில் தோட்டத்து ஆள் கொண்டுவந்தபோதே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. நடுவில் டீ குடிக்கப் போய்வந்ததால் மறுபடியும் பார்க்கிறார்கள். மேசை இருக்கும் அறைக்குள் தோட்டாவுக்கு அனுமதியே இல்லை. வாடிக்கையாளர் சட்டைப்பையில் ஒன்று இருந்தாலும் வாசலில் உள்ள தகரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அடிக்குழாயின் முனை மூடியைத் திருகிக் கழற்றியதும் குழல் தனியே வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டு போர் என்றால் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு. உள்ளே ஈயப்படிவும், தோட்டாவின் பிளாஸ்டிக் தேய்ந்த கறையும் கோடுகோடாகத் தெரிந்தன. கரைசலில் நனைத்த துணியை விட்டு ஊறவைத்து, பின் வெண்கலக் கம்பி பிரஷை அறைப்பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளினார். எதிர்த்திசையில் தள்ளினால் அழுக்கெல்லாம் அறையில் சேரும். வாய் விளிம்பும் தேயும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை மாற்றி மாற்றி விட்டார்கள். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. ஈயம் பட்ட கை என்பதால் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் வெற்றிலையைத் தொடவில்லை.

அறையைத் தேய்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. குடகு மழையில் இரும்பு வியர்க்கும். துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு மூலையில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி அறையில் துரு பிடிக்கும். துருவில் சுட்ட கூடு ஒட்டிக்கொள்ளும். அதை இழுக்கும் எஃகு நகம் தோட்டா விளிம்பை விட்டு வழுக்கும். ஆத்திரத்தில் ஆள் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவார்.

எண்ணெய் விஷயத்தில் பெரியவர் கஞ்சர். துணியில் இரண்டு சொட்டு, அதைத் தேய்த்து மெல்லிய படலமாக்குவதோடு சரி. அதிகமானால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். கட்டைக்குள் இறங்கி மரத்தை இற்றுப்போகச் செய்யும். தோட்டாவின் பின்பக்கத் திரிமருந்தையும் கெடுக்கலாம்.

மேசையில் சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட ஸ்குரூடிரைவர்கள். ஒவ்வொன்றின் நுனியையும் குறிப்பிட்ட திருகின் பள்ளத்துக்குப் பொருந்தும்படி அவரே அரத்தால் ராவியிருக்கிறார். “திருகோட தலை சிதைஞ்சிருந்தா, முன்னாடி யாரோ அவசரக்காரன் கை வச்சிருக்கான்னு அர்த்தம்.” தோட்டக்காரரின் துப்பாக்கியில் ஒரு திருகு அப்படித்தான் சிதைந்திருந்தது.

மருமகன் வேறொரு ஒற்றைக்குழலை எடுத்துவந்து காட்டினான். குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அடைப்போடு சுட்டால் குழல் கிழியும். அதைவிட மோசமானது, மெலிந்த இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலில் நழுவி நடுவழியில் சிக்கிக்கொள்வது. அறை காலியாகத் தெரியும். பின்னாலேயே சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கையே போகும். இருபது போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இதனால்தான்.

சாயங்காலம் தோட்டக்காரரே வந்தார். பெரியவர் துப்பாக்கியைத் திறந்தபடி நீட்டினார். அவர் வாங்கி அப்படியே உறையில் போடப் போனார். “பார்த்துட்டு எடுங்க” என்றார் பெரியவர்.

“நீங்க பார்த்தா போதாதா அண்ணா?”

“நான் பார்த்தது எனக்கு. உங்களுக்கு நீங்கதான் பார்க்கணும்.”

தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதன்பிறகுதான் பெரியவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார்.