ஜூலை 14: புதுச்சேரியும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும்

ஜூலை 14 வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இரண்டு மூவண்ணக் கொடிகளைப் பார்க்கலாம். ஒன்று நம்முடையது, மற்றது பிரான்ஸுடையது. போர் நினைவுச் சின்னத்தில் மலர் வைத்து பிரெஞ்சு தேசிய தினம் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் ஊரில் உண்டு. 2018-ல் பிரான்ஸ் கால்பந்து உலகக் கோப்பையை வென்றது ஜூலை 15. கொண்டாட்டத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது!

ஆனால், இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐ.எஸ்.எல். அணி சென்னையின் எஃப்.சி.தான். அதற்கு இரண்டு முறை பயிற்சியாளராக இருந்த ஓவன் கொய்ல் பிறந்ததும் ஒரு ஜூலை 14. ஊர் மட்டும் வேறு: ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி. 1966.

மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் அலெக்ஸ் ஃபெர்குசன், இளம் பயிற்சியாளராக இருந்தது அதே பெய்ஸ்லியின் செயின்ட் மிரன் அணியில். 2009-ல் கொய்லின் பர்ன்லி, 33 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் நிலைக்கு ஏறியது. ஏறிய சூட்டோடு, ஆகஸ்டில் ஃபெர்குசன் அணியையே 1-0 என வீழ்த்தியது.

2019 டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்தபோது அணி பட்டியலின் அடியில் தடுமாறிக்கொண்டிருந்தது. புதிய ஆட்டக்காரர்களை வாங்க நேரமில்லை. இருந்தவர்களை வைத்தே பயமில்லாமல் முன்னேறி ஆடவைத்தார். நான்காம் இடம் கிடைத்தது. அரையிறுதியில் கோவாவை முதல் ஆட்டத்தில் 4-1 என நொறுக்கி, மறு ஆட்டத்தில் 2-4 எனத் தோற்றும், மொத்த கோல் கணக்கில் தப்பித்து இறுதிக்குப் போனது அணி. 2020 மார்ச் 14, கொரோனா காலம். கோவா மைதானத்தில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. கொல்கத்தா அணியிடம் 1-3. அவ்வளவு ஓட்டமும் காலி நாற்காலிகளின் முன்னால் முடிந்தது.

2022-ல் ஜாம்ஷெட்பூரை லீக் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே மீண்டும் சென்னைக்கு வந்தார்.

அவருடைய அணியை நேரில் பார்க்க ஆசைப்பட்ட புதுச்சேரிக்காரருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம். மரக்காணம் உப்பளங்கள், மாமல்லபுரம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். சந்தோஷ் கோப்பையில் தனி அணியாக ஆடும் புதுச்சேரிக்கு ஐ.எஸ்.எல்.லில் அணி இல்லை. அதுவரை பந்தை உதைக்க, உப்பளத்து இந்திரா காந்தி மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது.