உறங்காத கால்கள்



தாம்பரத்தில் இரவு ஒருபோதும் முழுமையாக அடங்குவதில்லை. நள்ளிரவை ஒட்டிக் கடைசி மின்சார ரயில் வந்து சேரும். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் லாரிகளின் இரைச்சல் பெருஞ்சாலையில் ஓயாது. பொழுது புலருமுன்பே கடற்கரைக்குப் புறப்படும் முதல் வண்டி ஊதிவிடும். இவ்வொலிகளை வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் அளவுக்கு நாம் அறிந்திருக்கிறோம். இரவுச் செபத்தில் நமக்கிருந்த பற்றே அதற்குக் காரணம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் கால்கள் நம்மை உறங்க விடவில்லை, அவ்வளவே.

இந்நோய்க்கு மருத்துவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘அமைதியற்ற கால்கள்’ என்பது. இது வலியும் அன்று, மரத்துப்போதலும் அன்று. படுத்தாலோ, நெடுநேரம் அமர்ந்தாலோ, கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் ஓர் உணர்வு எழும். காலை அசைத்தே ஆகவேண்டும். எழுந்து நடந்தால் நீங்கும். மீண்டும் படுத்தால் திரும்பி வரும். மாலையில் தொடங்கி, நள்ளிரவில் உச்சத்தை அடைந்து, விடியற்காலையில் தணியும்.

இது புதிய நோயும் அன்று. 1672ஆம் ஆண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். 1945இல் சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் இதனை முறையாக ஆராய்ந்து இப்பெயரைத் தந்தார். மூளையில் இரும்புச்சத்துக் குறைவதும், அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் பொருளின் செயல் பிறழ்வதும் இதற்குக் காரணம் என்பது இன்றைய மருத்துவத்தின் கருத்து. சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். கருவுற்ற பெண்களையும், சிறுநீரகம் பழுதுபட்டோரையும் மிகுதியாக வருத்தும்.

நமக்கு இது 2016இல் வந்தது. நாம் அணுகிய மருத்துவர் பிரமிபெக்சோல் என்னும் சிறு மாத்திரையை இரவில் உண்ணச் சொன்னார். முதல் இரவிலேயே குழந்தையைப் போல் உறங்கினோம். அந்த மாத்திரையை நாம் எத்துணை நன்றியோடு விழுங்கினோம் என்பதை இறைவன் அறிவார்.

நான்கைந்து ஆண்டுகள் சென்றன. இரவு பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த தொல்லை மாலை ஆறு மணிக்கே வரலாயிற்று. மருந்தின் அளவு கூட்டப்பட்டது. சில மாதங்கள் அமைதி. பின்னர் நான்கு மணிக்கே வந்தது. மீண்டும் அளவு கூடிற்று. இறுதியில் கைகளிலும் அதே ஊர்தல். ஒருமுறை பங்கு மக்களோடு பெருங்களத்தூரில் பேருந்து ஏறி வேளாங்கண்ணி சென்றோம். திண்டிவனத்தைத் தாண்டியது முதல் நாகப்பட்டினம் வரை இருக்கைகளுக்கு நடுவே நின்றபடியே பயணம் செய்தோம். “சாமி நமக்காக நின்றுகொண்டே செபிக்கிறார்” என்று ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நாம் மறுக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்தால் கால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை, மனம் கலங்கி வந்த இளைஞர் ஒருவர் பாதியிலேயே நிறுத்தி, “உங்களுக்கு நேரமாகிறது போலிருக்கிறது, ஃபாதர், இன்னொரு நாள் வருகிறேன்” என்று எழுந்துவிட்டார். நமக்கு நேரமாகவில்லை, கால்தான் அடங்கவில்லை என்று சொல்ல நா எழவில்லை. அவர் மறுபடியும் வரவே இல்லை.

அதன் பிறகுதான் இம்மாத்திரையை விட்டுவிடுவது என்று உறுதி பூண்டோம். ஆனால் எப்படி விட்டோம் தெரியுமா? 2024 பிப்ரவரி 14ஆம் நாள், திருநீற்றுப் புதன். பிறர் தவக்காலத்துக்குப் புலாலை விடுகிறார்கள். நாம் மாத்திரையை விடுவோம் என்று, எவரையும் கேளாமல், ஒரே நாளில் நிறுத்தினோம்.

இதிலுள்ள பேதைமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நமக்கு அண்மையிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் அல்லவா? 1928இல் மருத்துவர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்கென்று தொடங்கிய நலவாழ்வு இல்லத்தால் வந்த பெயர் அது. 1937இல் அதனை அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க்குத் தக்க மருந்து கண்டறியப்படாத அந்நாளில் தூய காற்றும் நல்லுணவும் படுத்த ஓய்வுமே அங்கே சிகிச்சை. நோயாளரைச் சந்திக்க அங்குச் செல்லும்போதெல்லாம், “மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்” என்று ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று அறிவுரை கூறியவர் நாம். ஊருக்குச் சொன்ன உபதேசம் நமக்கு எட்டவில்லை.

மூன்று இரவுகள் கண் மூடவில்லை. படுத்தால் கால்கள் தாமாகவே உதறின. இனம் புரியாத அச்சமும் அழுகையும் நெஞ்சை அடைத்தன. நீண்ட இரவுகளைப் பற்றி யோபு புலம்பியதை எத்தனையோ முறை வாசித்து விளக்கமும் தந்திருக்கிறோம். அந்தப் புலம்பலின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. நான்காம் நாள் காலைத் திருப்பலியில் பீடத்தைப் பற்றிக்கொண்டு நின்றோம். திருப்பலி முடிந்ததும் உதவிப் பங்குத்தந்தை நம்மை வாகனத்தில் ஏற்றி, நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். இவ்வகை மருந்து தொடக்கத்தில் நோயை அடக்கும். ஆண்டுகள் செல்லச்செல்லப் பலருக்கு அதுவே நோயைப் பெருக்கும். தொல்லை முன்னதாக வருவதும், கைகளுக்குப் பரவுவதும் அதன் அடையாளங்கள். அப்போது அளவைக் கூட்டுவது தீயில் நெய் வார்ப்பதாகும். சூதாட்டம், அளவின்றிப் பொருள் வாங்குதல் முதலிய அடக்கவொண்ணா உந்துதல்களையும் சிலருக்கு இம்மருந்து உண்டாக்கும். ஆகவே நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சிறிது சிறிதாக. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2025 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இம்மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே கூறி, இரும்புச்சத்தைச் சீர்செய்வதையும் கபாபென்டின் போன்ற வேறு வகை மருந்துகளையும் முன்வைத்திருக்கிறது.

நம் இரத்தத்தில் ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பைச் சோதித்தார்கள். பொதுவாகப் போதுமானது எனக் கருதப்படும் அளவு இந்நோயாளருக்குப் போதாதாம்; 75க்குக் குறைந்தால் இரும்புச்சத்துத் தருவதைக் கருதுவார்கள். நமக்கு 22 இருந்தது. இரும்புச்சத்தை நரம்பின் வழியே ஏற்றினார்கள். வேறொரு மருந்தைத் துணைக்குத் தந்துவிட்டு, பழைய மாத்திரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துளித்துளியாகக் குறைத்தார்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மயக்கம் தரும் மாத்திரைகளும், வாந்திக்குத் தரப்படும் சில மருந்துகளும் இந்நோயைக் கிளறிவிடும் என்று எச்சரித்தார்கள். நண்பகலுக்குப் பின் காப்பி நின்றது.

சூலை மாதத்தில் கடைசித் துணுக்கும் நின்றது. அடுத்து வந்த பத்து இரவுகள் கடினமானவை. ஆயினும் இம்முறை அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு என்று அறிந்திருந்தோம். அந்த அறிவே பாதி மருந்து. வெந்நீர் வாளியில் கால்களை நனைத்தோம். கெண்டைச் சதையை நீவிவிட்டோம். தாழ்வாரத்தில் நடந்தோம். மனம் ஒன்றில் ஆழ்ந்திருந்தால் கால் சற்று அடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே, செல்லரித்துப்போன பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை உயரமான மேசை மீது வைத்து, நின்றபடியே புதிய ஏட்டில் படியெடுத்தோம். எத்தனை பெயர்கள்! தாயும் தந்தையும் ஞானப்பெற்றோரும் என்று ஒவ்வொன்றாக எழுதுகையில், அக்குடும்பங்கள் நம்மோடு விழித்திருப்பதாகத் தோன்றும்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு உதவிப் பங்குத்தந்தை கதவைத் திறந்துகொண்டு வந்தார். “உங்கள் செருப்புச் சத்தத்தை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஃபாதர். கேட்டால் வருந்துவீர்களோ என்று இருந்தேன். விடியற்காலையில்தானே உங்களுக்குத் தூக்கம் வருகிறது? ஆறு மணிப் பூசையை நான் வைக்கிறேன், நீங்கள் மாலைப் பூசையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். முப்பதாண்டுக் குருத்துவத்தில் காலைத் திருப்பலியை விட்டுக்கொடுக்காததில் நமக்கு ஒரு செருக்கு உண்டு. அன்று அதனை விட்டுக்கொடுத்தது, மாத்திரையை விட்டதைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் உறங்கினோம். இன்று ஐந்து, சில நாள் ஆறு. நோய் அகன்றுவிடவில்லை; அடங்கி வாழக் கற்றிருக்கிறது, நாமும் கற்றிருக்கிறோம்.

இனி, நாம் எழுத வந்த செய்திக்கு வருகிறோம்.

நமக்கு நோய் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், சேலையூரில் ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டு செல்வது வழக்கம். சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். ஒருநாள் அவர், “காலுக்குள்ள எறும்பு ஊருது சாமி. படுத்தா இழுக்குது. ராத்திரி பூரா வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன்” என்றார். நாம் என்ன சொன்னோம்? “மனக்கவலைதான் அம்மா. செபமாலை சொல்லிக்கொண்டே படுங்கள், தூக்கம் வந்துவிடும்” என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதன்பின் நம்மிடம் கால்களைப் பற்றிப் பேசவும் இல்லை. அடுத்த ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

நாமே இரவில் நடக்கத் தொடங்கிய பிறகு அவர் முகம் அடிக்கடி நினைவில் வந்தது. சென்ற ஆண்டு அவருடைய மகளைத் தேடிச் சென்று, உங்கள் தாயாரை நாம் நம்பவில்லை, அது மெய்யான நோய் என்று சொன்னோம். அந்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்களும் நம்பலை சாமி. எங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு அம்மா செருப்பில்லாமத்தான் நடப்பாங்க” என்றார்.

அந்த வெறுங்காலடியின் ஓசை எவருக்கும் கேட்கவில்லை.

உங்கள் இல்லத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். கருவுற்ற மருமகளாக இருக்கலாம். வகுப்பில் கால் ஆட்டுவதற்காகத் திட்டு வாங்கும் சிறுவனாக இருக்கலாம். இரவில் நடமாடும் தாத்தாவாக இருக்கலாம். நடிப்பென்றும் நரம்புத் தளர்ச்சியென்றும் தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் இரும்புச் சேமிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்கவும் வேண்டாம். மருந்து உண்பவராயின், தொல்லை முன்னதாக வரத் தொடங்கினால் மருத்துவரிடம் அதைச் சொல்லட்டும். நம்மைப் போல் தாமாகவே நிறுத்தவும் வேண்டாம். அதற்கும் முன்பாக, அவர் சொல்வதை நம்புங்கள்.

நோயாளருக்குச் செபமாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்றும் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அதைத்தான் சொல்கிறோம். அதில் ஒரு பத்து மணி சேலையூர் மூதாட்டிக்காக. ஆனால் முதலில் அவரைப் படுக்கச் சொல்லாமல், அவரோடு எழுந்து நாலு எட்டு நடந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நீங்களாவது நடந்து பாருங்கள்.