நடு மதகு

2022 செப்டம்பர் 21 அதிகாலை. பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகின் எதிரெடைச் சங்கிலி அறுந்தது. இரும்புக் கதவு வெள்ளத்தோடு போயிற்று. நொடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அணை இருப்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு.

பழைய பாய்மரப் படகுகள் சிலவற்றின் அடியில், ஏற்றி இறக்கக்கூடிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. அது தொங்கும் அச்சாணி, படகு நீரில் கிடக்கும்வரை கண்ணுக்குப் படாது. கரையேற்றித்தான் தேய்மானம் பார்ப்பார்கள். மதகுச் சங்கிலியும் அப்படியே. கண்ணியோடு கண்ணி உரசும் உட்புறத்தில்தான் இரும்பு தேய்கிறது. சுமை தொங்கும்வரை அவ்விடம் மூடியே கிடக்கும். மேலே பூசிய வண்ணமும் மசகும் எதையும் சொல்வதில்லை (பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்). அணையையோ கரையேற்ற முடியாது. நீர்மட்டம் கதவுக்குக் கீழே இறங்கும் மாதங்களில் சங்கிலியைத் தளர்த்தி, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு கண்ணியிலும் எஞ்சியுள்ள பருமனை அளந்தால்தான் உண்டு.

அறுந்த பின்னர் உடனே கைவைக்கவும் இயலவில்லை. ஏறத்தாழ 27 அடி நீர் வடியும்வரை காத்திருக்க நேர்ந்தது. கோவை, திருப்பூர் வயல்களுக்குச் சேரவேண்டிய நீர் அந்நாள்களில் அரபிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.