தம்பி பெயரில் ஒரு காப்புறுதி

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு நீதிமன்றத்தோடு முடிவதில்லை. மீதி, காப்புறுதி முகவரின் மேசையில் காத்திருக்கிறது. தம்பியோடு அந்த மேசைவரை போய்வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020 அக்டோபரில் நம் நாட்டில் சட்டம் கடுமையானது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 22 மைக்ரோகிராம், அதே அளவு இரத்தத்தில் 50 மில்லிகிராம்; மது இந்த அளவைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். 2 ஆண்டுகள் வரை சிறையும் கிடைக்கலாம். குறைந்தது 2 ஆண்டுகளுக்கு வாகனம் ஓட்டத் தடை. தம்பி பிடிபட்டது அதற்குப் பிறகுதான். நண்பனின் திருமண விருந்து முடிந்து திரும்பும் வழியில் சாலைத் தடுப்புச் சோதனை. யார்மீதும் மோதவில்லை, அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார்.

அபராதம் கட்டினான். தடைக்காலம் முழுக்கப் பேருந்திலும் நண்பர்கள் காரிலும் வேலைக்குப் போனான். பிறகு மறுபடியும் தேர்வெழுதி லைசென்ஸ் எடுத்தான். பழைய மைவி ஒன்றையும் பேசி முடித்தான். ஆனால், காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாதே!

விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: போக்குவரத்துக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா? தம்பியின் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா ஒரு வழி சொன்னார். "காரை என் பேர்லயே வாங்கிடலாம். என் பழைய காரை வித்தப்ப இருந்த 55 விழுக்காடு கழிவு சும்மாத்தானே கிடக்கு? யாருக்குத் தெரியப் போகுது?"

அம்மாவுக்கு மகன் அவமானப்படக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் முகவர் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "தினமும் ஓட்டப் போறது தம்பி. அதை மறைச்சு உங்க பேர்ல எடுத்து, நாளைக்கு யாரையாவது இடிச்சிட்டா, முதல்ல உங்களைத்தான் தேடி வருவாங்க ஆன்ட்டி" என்றார். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்ப் பதில் கொடுத்தால், காப்புறுதி நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாது என்று ஒதுக்கிவிடலாம். கட்டிய பணமும் போகும், பாதுகாப்பும் போகும். ஒருநாளும் மதுவைத் தொடாத அம்மா பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தம்பி ஒன்றும் பேசாமல் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டான். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஆபத்தைக் கணக்கிட்டுத் தானே விலை வைக்கிறது. அதனால் ஒரே காருக்கு இடத்துக்கு இடம் விலை மாறும். எல்லாரும் கைவிரித்தாலும், கடைசி வழியாக எம்எம்ஐபி எனப்படும் கூட்டு அமைப்பு இருக்கிறது என்று அக்கா தைரியம் சொன்னார். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அம்மாவின் கழிவோடு எடுத்திருந்தால் வந்திருக்கும் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தம்பி தன் சம்பளத்திலிருந்து கட்டினான்.

அக்கா இன்னொன்றையும் விளக்கினார். இத்தனை பணம் கட்டினாலும், மறுபடி குடித்துவிட்டு ஓட்டினால் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு காசு கிடைக்காது. காயம்பட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், அதை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தடைக்காலம் முடிவதற்கு முன்பே நாலைந்து இடங்களில் விலை கேளுங்கள். கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். மறுப்பு வந்தால் துவண்டுவிடாதீர்கள். பிள்ளையின் பிழையைப் பெற்றோர் பெயருக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

அதன் பிறகு அம்மா பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஓராண்டு எந்த இழப்பீடும் கோராமல் ஓட்டியதால், காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது தம்பிக்கு 25 விழுக்காடு கழிவு கிடைத்தது. அவன் அந்தத் தாளை அம்மாவிடம்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் இருந்த அவன் பெயரை இரண்டு முறை படித்தார்.