முனியாண்டி வரும் இடம்

கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ரெமேதியோஸ் என்ற பேரழகி, தோட்டத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே வானத்துக்கு ஏறிப் போய்விடுகிறாள். அந்த வீட்டு மருமகள் பெர்னாந்தாவின் கவலையெல்லாம் கூடவே பறந்துபோன படுக்கை விரிப்புகளைப் பற்றியது. அவற்றையாவது திருப்பித் தரச் சொல்லிக் கடவுளிடம் நெடுநாள் வேண்டிக்கொள்கிறாள். அந்த நாவல் 1967-இல் வந்தது. புதுமைப்பித்தன் கதையில் வரும் கந்தசாமிப் பிள்ளையோ 1943-லேயே சென்னைத் தெருமுனையில் கடவுளைச் சந்தித்து, காப்பி குடிக்கக் கூட்டிப் போய், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மாய யதார்த்தக் கதைகளை நம் வாசகர்கள் பலர் ‘நடக்காததை நடந்ததுபோல் சொல்லும் உத்தி’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. மார்க்கேஸின் அதே நாவலில், வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். ரயில் நிலையத்தில் கூடியவர்களை ராணுவம் சுடுகிறது. மூவாயிரம் பிணங்கள் ரயிலில் ஏற்றப்பட்டுக் கடலுக்குப் போகின்றன. உயிர் தப்பிய ஒருவன் ஊர் திரும்பிச் சொன்னால், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்கிறது ஊர். கொலம்பியாவின் சியேனகாவில் 1928 டிசம்பரில் நிஜமாகவே சுட்டார்கள். யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனித் தொழிலாளர்கள்தான் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. பறந்த பெண்ணை ஏற்றுக்கொண்ட வாசகர், பிண ரயில் வரும்போது ‘இது கொஞ்சம் மிகை’ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை உண்டாக்கத்தான் நாவலாசிரியர் அத்தனை அற்புதங்களையும் முன்னால் அடுக்கிவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

என் பாட்டி மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்லுவார்: விடியும் முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன இருட்டில் நிரையின் கடைசி மரத்தடியில் சுருட்டு நெருப்பு தெரிந்தது, கிட்டே போனால் ஆள் இல்லை, வாசனை மட்டும், முனியாண்டி. கவிழ்த்துவைத்த பால் மங்கெல்லாம் நிமிர்ந்திருந்தது. குரலை மாற்றாமல் அடுத்ததைச் சொல்லுவார்: ஜப்பான்காரன் காலத்தில் லாரி வந்தது, சயாமுக்கு வேலைக்கு என்றார்கள், தம்பி ஒரு வேட்டியும் சோற்றுச்சட்டியுமாக ஏறினான், லயத்தில் பாதி வீடு காலி, ஒருவரும் திரும்பவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகள் எங்களுக்கு முனி சந்தேகமில்லாத நிஜம். கோயில் இருந்தது, படையல் இருந்தது, கள்ளும் சுருட்டும் இருந்தன. சயாம்தான் கதை. ஆட்களை விழுங்கும் காடு, பிணத்தின்மேல் போட்ட தண்டவாளம் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? நான் படித்த பாடப்புத்தகத்திலும் அதைப் பற்றிச் சில வரிகளுக்கு மேல் இல்லை.

ஆனால் நடந்தது அதுதான். 1942-43இல் ஜப்பானியர் போட்ட அந்தச் சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்களில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டி ஊர்ப் பக்கத்துத் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் கூரை அடுக்குகளை எண்ணி எட்டு மாடி என்பார்கள். 1885-இல் லியோங் சூன் சோங் கட்டிய அந்தக் கோபுரத்துக்குள் இருப்பது மூன்றே மாடி. எது நடக்கும், எது நடக்காது என்று நாம் வைத்திருக்கும் கணக்கும் வெளியே நின்று எண்ணியதுதான். நல்ல மாய யதார்த்தக் கதை நம்மை உள்ளே ஏறி எண்ணச் சொல்கிறது. பேயை நம்பச் சொல்லி அது கேட்பதில்லை. எதை நம்ப மறுத்தோம், யார் சொன்னதால் மறுத்தோம் என்று கேட்கிறது.

கெடா லூனாஸில் நடந்த விஷச் சாராயச் சாவுகளையும் பேய்ச்சி என்ற தெய்வத்தையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தது ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. தோட்டத்து வாழ்க்கையைத் தெய்வத்தை நீக்கிவிட்டு எழுதினால் பாதிதான் வரும் என்று தெரிந்தவர்கள் எழுதும் நாவல்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிபட்டுவிட்டன. சயாம் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே கைப்பேசியை எடுத்துவைத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். முனியாண்டி வரும் இடத்தில் சிரிக்காதீர்கள். எழுதும்போது அதை வெட்டாதீர்கள். அதற்கு அடுத்த வரியில்தான் தம்பி லாரி ஏறுகிறான்.