வண்டியில் ஒரு கயிறு

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் கணவாயை நோக்கி ஏறும் மலைவீதியின் அழகை மாத்தளை வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பாதாளம். ஒரு வளைவில் வெயில் காயும்; அடுத்த வளைவில் மூடுபனி வந்து கண்ணை மறைக்கும். மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப்போல் சிகரங்கள் வரிசையாக நிற்பது கண்டு, அம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்டனர். 2000ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோ ஏற்றபோது, இந்தத் தொடரும் அதனுள் அடங்கியது. அதன்பின் பார்க்க வருவோர் தொகை பெருகிற்று. அவர்களோடு, வண்டிச் சக்கரத்தைக் கானில் இறக்கிவிட்டு விழிப்போர் தொகையும் பெருகிற்று. அவ்வாறு விழித்தவர்களுள் நாமும் ஒருவர்.

அது மார்கழி மாதம், பள்ளி விடுமுறை. வடகீழ்ப் பருவமழை முற்றாக ஓய்ந்திராத நாள். பிட்டவலப் பத்தனைப் புல்வெளியைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று இல்லாளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். எதிரே ஒரு லொறி வந்தது. மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டோம். மரியாதை சற்று மிகுந்துவிட்டது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கானுக்குள் இறங்கிவிட்டன. லொறிக்காரர் அதனைக் கவனித்தாரோ இல்லையோ, பனிக்குள் மறைந்து போனார்.

நாம் என்ன செய்தோம்? அறியாதார் யாவரும் செய்வதையே செய்தோம். காலால் மிதித்து இயந்திரத்தை உறும விட்டோம். சக்கரம் சுழன்றது, சேறு சிதறியது, வண்டி இன்னும் ஒரு சாண் கீழே போயிற்று. கைத்தொலைபேசியில் அலை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு வாகனங்கள் நம்மைக் கடந்து சென்றன. கண்ணாடிக்குப் பின்னே முகங்கள் தெரிந்தன. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. குழந்தைகள் தம் காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தனர். மாமியாரோ ஒன்றும் பேசாதிருந்தார். அம்மௌனத்தின் பொருளை மருமக்கள் அறிவார்கள்.

அப்பொழுதுதான் விறகுக் கட்டுகளைத் தலையில் சுமந்தபடி தோட்டத் தொழிலாளர் ஐந்தாறு பேர் வளைவில் தோன்றினர். முன்னால் வந்த முதியவர் சுமையை இறக்கினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ஐயா, மொதல்லே இன்ஜினை நிப்பாட்டுங்க. சுத்த விட்டாக் குழிதான் பறிக்கும்" என்றார். நாம் நிறுத்தினோம். குழந்தைகளையும் பெண்களையும் மலைப்பக்கமாக மேலே நிற்கச் சொன்னார். இரு பெண்கள் கல் பொறுக்கினர். ஒருவர் தம் படங்குச் சாக்கை அவிழ்த்துச் சக்கரத்தின் முன் விரித்தார். இலுக்கும்புரப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சிங்கள இளைஞர் ஒருவர், எவரும் கேளாமலே திரும்பிச் சென்று, எங்கிருந்தோ ஓர் அலவாங்கும் ஒரு தடித்த கயிறும் கொண்டுவந்தார். "மாத்தயா, ஸ்டியரிங் நேரா" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கட்டளையிட்டார். முதியவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் தள்ளவும் இழுக்கவும், வண்டி ஒரு முனகலோடு வீதிக்கு ஏறியது. மொத்தம் இருபது நிமிடமும் ஆகவில்லை.

நாம் பணப்பையைத் திறந்தோம். முதியவர் கையை அசைத்து மறுத்தார். "வேணாங்க ஐயா. அந்தக் காசுக்கு ஒரு கயிறு வாங்கி வண்டியிலே போட்டுக்குங்க. இந்த ரோட்டுக்குக் கயிறு இல்லாம வரலாங்களா? உங்களுக்கு இல்லாட்டியும் வேறே ஆருக்காவது ஒதவும்" என்றார். சேறு படிந்த சாக்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்ட அப்பெண்மணி, "பிள்ளைகளுக்கு அட்டை கடிச்ச எடத்திலே சவுக்காரம் போடுங்கம்மா" என்று நம் இல்லாளிடம் சொன்னார். விறகுக் கட்டுகள் மீண்டும் தலைக்கு ஏறின. அவர்கள் நடந்தார்கள். எவருடைய பெயரையும் நாம் கேட்கவில்லை என்பது ரத்தோட்டைக்கு வந்த பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே மாத்தளைக் கடைவீதியில் ஒரு கயிறு வாங்கினோம். கயிறு வண்டியில் ஏறியது. அதனோடு ஒரு பழைய நினைவும் நெஞ்சில் ஏறியது. அதனை இங்கே மறையாது சொல்லிவிடுகிறோம்.

போர் நிகழ்ந்த ஆண்டுகள் அவை. தம்புள்ளைப் பக்கமிருந்து மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலந்தைக்கு அப்பால், இருள் கவியும் வேளையில், வீதியோரம் ஒரு வான் நின்றது. ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி நம்மை நிறுத்த முயன்றார். அவருக்குப் பின்னே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றதை விளக்கொளி ஒரு கணம் காட்டிற்று. அக்காலத்தில் வழியில் நிற்போரைக் கண்டு வண்டியில் இருப்போர் அஞ்சினர். வண்டியில் வருவோரைக் கண்டு வழியில் நிற்போரும் அஞ்சினர். வண்டியில் இருந்த எவரும் 'நிறுத்து' என்று சொல்லவில்லை. 'நிறுத்தாதே' என்றும் சொல்லவில்லை. நாம் நிறுத்தவில்லை. "பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிறிது தூரம் சென்றதும் நாமே நமக்குச் சொல்லிக்கொண்டோம். பின்னால் யாரேனும் வந்தார்களா என்பதை இன்றுவரை அறியோம். ரிவர்ஸ்டன் மழையில் நம்மைக் கடந்துபோன அந்த இரண்டு வாகனங்களின் மீது நமக்குக் கோபம் வராததற்குக் காரணம் இதுவே. கண்ணாடிக்குப் பின்னே தெரிந்த முகங்களுள் ஒன்றாக நாமும் முன்பே இருந்திருக்கின்றோம்.

அந்த வடக்கு வீதி இத்தகைய காட்சிகளை நெடுங்காலமாகக் கண்டது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். காய்ச்சலும் பேதியும் பசியும் அவர்களைத் தொடர்ந்தன. விழுந்தவரைத் தூக்கிச் சுமக்கத் துணைவருக்கு வலுவில்லை. நின்றால் நிற்பவரும் மடிய நேரும். அதனால் வழியிலேயே விடப்பட்டவர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தலைமன்னாருக்கு ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் இணைந்தது 1914இல். அதற்கு முன் நடந்த அந்த மக்களின் வழிவந்தவர்களே தலைச்சுமையை இறக்கிவைத்து நம் வண்டியைத் தூக்கிவிட்டவர்கள். நிற்க இயலாமல் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நின்றார்கள். வண்டியும் வசதியும் இருந்த நாம் நில்லாமல் போனோம்.

இஃது எம் ஒருவரின் குறை மட்டுமன்று என்று கூறும் ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்தில், சமய குருமாராகப் பயிலும் மாணவர் 40 பேரை வைத்து டார்லி, பாட்சன் என்னும் இரு உளநூலார் ஒரு சோதனை நடத்தி, 1973இல் வெளியிட்டனர். மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினர். வழியிலே ஒரு மனிதர் சோர்ந்து இருமிக்கொண்டு கிடப்பதாக நடித்தார். நேரம் நிரம்ப உண்டு என்று நம்பியவர்களுள் 63 சதவீதத்தினர் உதவினர். அவசரப்படுத்தப்பட்டவர்களுள் உதவியோர் 10 சதவீதத்தினரே. அவர்களுட் சிலர் நல்ல சமாரியன் கதையைப் பற்றிச் சொற்பொழிவாற்றவே சென்றுகொண்டிருந்தனர் என்பதுதான் வேடிக்கை. மனிதன் கல்நெஞ்சன் என்பதை இது காட்டவில்லை. அவசரமும் அச்சமும் நல்ல நெஞ்சையும் மூடிவிடும் என்பதையே காட்டுகிறது. ஆதலால் வீட்டிலிருந்து அரைமணி முன்னதாகப் புறப்படுவதும் ஓர் அறமே.

கயிறு வாங்கிய பின்னர்ப் பலருக்கு அது பயன்பட்டது. ஆனால் உதவும் மனம் மட்டும் போதாது. உதவும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரு நாள் கற்றுக்கொண்டோம். ஒரு தோட்டத்து மண்பாதையில் புதைந்திருந்த ஜீப்பை இழுக்கப் புறப்பட்டு, கயிற்றை அதன் பம்பரில் கட்டிவிட்டோம். நம் வான் துள்ளிப் பாய்ந்தது. பம்பர்த் துண்டு பெயர்ந்து, கயிற்றோடு பறந்து வந்து, நம் பின்கண்ணாடியை நொறுக்கியது. அருகில் நின்ற நம் மருமகப் பிள்ளையின் காதோரம் அது சென்றது. ஒரு சாண் விலகியிருந்தால்! இன்றும் நினைத்தால் உடல் நடுங்குகிறது. இழுபடும் நைலோன் கயிறு நாணேற்றிய வில் போன்றது. கட்டிய இடம் பெயர்ந்தால், அவ்வில்லுக்கு அம்பு அதுவே.

ஆகவே மாணவ நேயர்கள் சிலவற்றை மனத்திற் கொள்வார்களாக. சக்கரம் ஏன் வீணே சுழல்கிறது? வலுவை இரு சக்கரங்களுக்கும் பகிரும் டிபரன்ஷல் என்னும் பற்சக்கரத் தொகுதி, பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு சிறிய விசையை ஏற்கிறதோ, அவ்வளவையே மற்றதற்கும் தரும். ஆகையால் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால், தரையில் நிற்கும் சக்கரமும் சோம்பிவிடும். உறும விடுவதனால் பயனில்லை. மண்ணைத் தோண்டிச் சரிவாக்கி, கல்லோ சாக்கோ கிளையோ இட்டு, குறைந்த கியரில் மெல்ல ஏற வேண்டும். மணலாயின் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு மிகும். வெளியேறியதும் மறவாது மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

கயிற்றைச் சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொக்கியிலேயே கட்டுக. பம்பரிலோ, இழுவண்டி பூட்டும் உருண்டையிலோ கட்டற்க. கயிற்றின் நடுவே நனைந்த சாக்கொன்றைப் போடுக. அறுந்தாலும் அது துள்ளலைத் தணிக்கும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்குள் எவரும் நிற்கலாகாது. கட்டளை ஒருவரிடமிருந்தே வரட்டும். பள்ளத்துப் பக்கத்தில் நின்று தள்ளுதல் கூடாது. புகைக்குழாய் சேற்றில் அடைபட்டிருக்க, கண்ணாடியை மூடி இயந்திரத்தை ஓட விட்டால், நச்சுப் புகை உள்ளிருப்போர் உயிரைக் குடிக்கும். வளைவுக்கு அப்பால் ஒரு பச்சைக் கிளையையேனும் வீதியில் இட்டு, வருவோரை எச்சரித்தல் வேண்டும்.

வெள்ளம் பாயும் சப்பாத்துப் பாலத்திலோ வீரம் வேண்டவே வேண்டாம். ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தாலே சிறிய காரை அடித்துச் செல்லும். 60 சென்ரிமீற்றரில் பெரும்பாலான வாகனங்கள் போய்விடும். அங்கே பிறரைத் தடுத்து நிறுத்துவதுதான் உதவி. காயம்பட்டோர் இருப்பின், அலை கிடைக்கும் இடம் சென்று 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸையும், மண்சரிவோ வெள்ளமோ ஆயின் 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அழைப்பதே முதற்கடமை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளையையும் அயல் மலை மாவட்டங்களையும் மண்சரிவால் சிதைத்தது. மலைவீதி எவ்வளவு மெல்லிய நூல் என்பதை அது நம் எல்லாருக்கும் உணர்த்திற்று.

பண்டை நாளில் உப்பு வணிகர் மேடும் பள்ளமும் கருதி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டால் அறிகிறோம். அவர்கள் தம் வண்டிக்காகக் கட்டினர். அம்முதியவர் சொன்னதோ பிறர் வண்டிக்காக. நமக்கு அந்தக் கயிறு இதுவரை ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது, பிறருக்கோ பலமுறை.

கயிறு இப்பொழுது நிறம் மங்கிவிட்டது. பயணம் புறப்படுமுன் அதனை எடுத்து நூல் நூலாகப் பார்ப்பது அன்று அட்டை எண்ணிய மகனின் வேலை. வீதியோரம் ஒரு கை உயர்வதைக் கண்டால், வண்டியை மெதுவாக்கி, விளக்கைப் போட்டு, முதலில் நன்றாகப் பார்க்கிறோம். அச்சம் இன்றும் வருகிறது. ஆயினும் நிறுத்துகிறோம். கண்ணாடியை இறக்கும் ஒவ்வொரு முறையும், நாலந்தைக்கு அப்பால் இருளில் நின்ற அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தேடுகிறோம்.