போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்

கல்லூரிக் கருத்தரங்குகளில் மேடைப் பேச்சைத் தவறவிட்டாலும் போஸ்டர் அரங்கை நான் தவறவிடுவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் நடுவராகக் கூப்பிட்டால் போகிறேன். கூப்பிடாவிட்டாலும் சில நேரம் எட்டிப் பார்ப்பதுண்டு. இருபது வயதுப் பிள்ளை ஒன்று தான் செய்த வேலைக்கு அருகில் நின்று, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பதில் சொல்கிற இடம் அது. வைவா இருக்கிறதே என்பீர்கள். வைவாவில் கேட்பவருக்கு விடை தெரியும். போஸ்டர் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது; உங்களுக்குத்தான் தெரியும். இளங்கலைப் படிப்பில் இப்படி ஒரு நிலை அநேகமாக வேறெங்கும் வாய்க்காது.

அந்த வாய்ப்பைப் பெரும்பாலான பிள்ளைகள் ஃப்ளெக்ஸ் கடையிலேயே தொலைத்துவிடுகிறார்கள். புராஜெக்ட் அறிக்கையை அப்படியே வெட்டி ஒட்டுவார்கள். இரண்டு பக்கமும் லோகோ, மேலே தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் படங்கள். முன்னுரை மட்டும் பாதிச் சுவரை அடைத்திருக்கும். கண்டுபிடித்தது என்ன என்பது வலது கீழ் மூலையில், குனிந்து பார்த்தால் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடலோர ஊர் ஒன்றின் ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுத்து உப்பை அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘நிலத்தடி நீரின் இயற்பிய-வேதியியல் பண்புகள் குறித்த ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் கடந்து போகிறவர் கடந்தே போய்விடுவார். ‘கடலை நெருங்க நெருங்க நம் கிணறுகளில் உப்பு கூடுகிறது’ என்று வையுங்கள், நிற்பார். உங்கள் அளவுகள் அதைக் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரே ஒரு வரைபடம்: கடலிலிருந்து கிணற்றின் தூரம் கிடையாக, கரைந்த உப்பின் அளவு நெடுக்காக. அதில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற இடத்தில் ஒரு கோடு. குடிநீருக்கு இந்தியத் தரநிலைகள் அமைப்பு ஏற்கும் வரம்பு அது; வேறு நீரே கிடைக்காத ஊருக்கு 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. அங்கே இன்னொரு கோடு. எந்தக் கிணறு எந்தக் கோட்டுக்கு மேல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதையே பன்னிரண்டு பத்தி அட்டவணையாகப் போட்டால் நடுவர்கூடப் படிக்கமாட்டார். நான் படித்ததில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மோரிசன் 2019-இல் யூடியூபில் ஒரு கார்ட்டூன் வீடியோ போட்டார். முக்கியமான முடிவை ஒரே வாக்கியமாக, எளிய மொழியில், போஸ்டரின் நடுவில் பெரிதாக எழுதுங்கள், விவரம் வேண்டுபவருக்கு ஒரு கியூஆர் கோடு வையுங்கள் என்றார். உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. வாக்கியம் பெரிதாக இருக்கட்டும். அதற்கான ஆதாரம் போனுக்குள் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது. வரைபடம் அந்த வாக்கியத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அச்சு வேலையில் சில சில்லறை விஷயங்கள். ஏ0 தாள் 84.1-க்கு 118.9 சென்டிமீட்டர். பவர்பாயிண்டில் இந்த அளவை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்; கடைசியில் இழுத்துப் பெரிதாக்கினால் படங்கள் புள்ளி புள்ளியாகிவிடும். கடைக்குக் கொடுக்குமுன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுங்கள். நீள அகலம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். 32 பாயிண்ட் எழுத்து 8 ஆகும். அதைக் கையில் பிடித்து எளிதாக வாசிக்க முடிந்தால் சுவரிலும் வாசிக்கலாம். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் அச்சுக்கு முன் கடையின் கணினியில் திறந்து ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நூறு பேர் கூடும் அரங்கில் ஓரிருவராவது இருப்பார்கள்; அந்த இரண்டு நிறத்தை மட்டும் நம்பி வரைபடம் போடாதீர்கள்.

இனி நிற்பது. நான்கு பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவர் பேச, மூவர் சுவரோடு சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பேசுகிற அந்த ஒருவரும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த மூன்று நிமிடத்தை ஒப்பிக்கிறார். நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மனப்பாடம் வேண்டாம். முதல் நாள் இரவு, உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத யாருக்காவது, அம்மாவுக்கோ ஹாஸ்டல் நண்பருக்கோ, தமிழில் ஒரு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே ‘அப்படின்னா?’ என்கிறாரோ அங்கேதான் உங்களுக்கே சரியாகப் புரியவில்லை. தமிழில் தெளிந்தது ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியாவது வந்துவிடும். வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். நம்மூர் நடுவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் யோசிக்கிறார்கள்.

‘ஏன் இந்தக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்தாய்?’ என்று கேட்டால் பெரிய காரணம் தேட வேண்டாம். ‘பஸ்ஸில் போய்வர முடிந்தது இவ்வளவுதான் சார்’ என்றாலே போதும். கூடவே, அதனால் ஊரின் மேற்குப் பக்கம் விட்டுப்போயிற்று என்றும் சொல்ல முடிந்தால், அந்தப் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ‘கைடு கொடுத்த டாபிக் சார்’ என்ற பதிலுக்குப் போட என்னிடம் மதிப்பெண் இல்லை.

வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒரு கேள்விக்குத் திணறும்போது குறுக்கே புகுந்து நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.